மரமில்லாத இடம்

டமாஸ்கஸ்
ரபீயுல் அவ்வல் மாதம், பரங்கியர் போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை

பால்பெக்கில் சித்தி வீட்டில் இருக்கும் அன்புத் தங்கை லுபாபாவுக்கு, அண்ணன் முஃபர்ரிஜ் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நம் வீட்டு ஆட்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் குழந்தைகளும் சித்தியும் அங்கே அப்படியே இருக்க அல்லாஹ் அருள்வானாக. உயிரோடு இருப்பதை முதலிலேயே எழுதிவிட்டேன். உனக்குக் கடிதம் படித்துக் காட்டும் சித்தப்பா நாலாவது வரியில் தூங்கிவிடுகிற ஆள் என்பது எனக்குத் தெரியும்.

பரங்கியர் போய்விட்டார்கள். மூன்று ராஜாக்கள், மார்பில் சிலுவை தைத்த பெருங்கூட்டம், கூடவே பாட்டுப் பாடிக்கொண்டு வந்த பாதிரிகள். இவ்வளவு பேர் வந்து ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வந்த புழுதி அடங்குவதற்குள் போகிற புழுதி கிளம்பிவிட்டது. அவர்களும் இறைவன் பெயரைச் சொல்லித்தான் வந்தார்கள். நாமும் இறைவன் பெயரைச் சொல்லித்தான் சுவரில் ஏறினோம். அவன் யார் பக்கம் என்பது இப்போது தெளிவாகிவிட்டதாக இமாம் சொன்னார். இருக்கலாம். எனக்கு இப்போதைக்குத் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான்.

ஊருக்கே அப்படித்தான். ஜெயித்த ஊர் மாதிரி இல்லை, கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கிற வீடு மாதிரி இருக்கிறது. மேற்கே தோப்புப் பக்கம் குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. மனிதர்களை முடிந்தவரை புதைத்தாகிவிட்டது. குதிரைக்கு யார் குழி வெட்டுவது? மேற்கிலிருந்து காற்று அடித்தால் என் கடையில் வியாபாரம் இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு எவன் கொண்டைக்கடலை தின்பான்?

என் வீரத்தைப் பற்றி யாராவது அங்கே வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். வாப்பாவின் இரும்புத் தொப்பி நினைவிருக்கிறதா? இத்தனை வருஷமாகக் கடையில் கடலை அளக்கிற படியாக உழைத்ததே, அதுதான். அதைக் கழுவித் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஜாபியா வாசல் சுவரில் ஏறினேன். அங்கே நின்ற தலைவன் என் தொப்பையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க கீழே இருந்து கல்லு எடுத்துக் கொடுங்க. சண்டையை நாங்க பார்த்துக்கிறோம்" என்றான். கல் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் தொப்பியில் ஒரு அடி விழுந்து கண் இருண்டது. பரங்கியர் கல் இல்லை. மேலே நின்ற நம் ஆள் கையிலிருந்து நழுவிய, நான் எடுத்துக் கொடுத்த கல்.

ஊரைக் காப்பாற்றியது யார் என்பதில்தான் இப்போது சண்டை. புறாக்காரன் உதவி கேட்டுச் சேதி கொண்டுபோன தன் புறாக்கள் என்கிறான். குளியல் கூடம் வைத்திருக்கிறவன், "அவங்களுக்கும் தண்ணிக்கும் ஆகாது. என் கூடத்துப் புகையைப் பார்த்தே ஓடிட்டாங்க" என்கிறான். மௌசூலிலிருந்தும் அலெப்போவிலிருந்தும் நமக்கு உதவிக்கு வந்த பெரும்படை பாதி வழியில் இன்னும் நிற்கிறது. வந்தவர்கள் ஊரையே பிடித்துக்கொள்வார்களோ என்று பயந்து, அவர்களைத் திருப்பி அனுப்ப நம் ஆட்சியாளர்கள் படுகிற பாட்டைப் பார்த்தால், பரங்கியரே தேவலை போலிருக்கிறது.

ஸாபிக் மாப்பிள்ளை நலமாக இருக்கிறார். சித்தப்பா, இனிமேல் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். மாப்பிள்ளை கோட்டையில் இருக்கிறார். விருந்தாளியாக இல்லை. ஆனால் நிழலான அறை, சாப்பாடு நான் கொண்டுபோகிறேன், அடி உதை எதுவும் இல்லை. நீ அழ ஆரம்பிப்பதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பரங்கியர் வருகிறார்கள் என்று முரசு அடித்ததும் தோப்பில் இருந்த ஜனமெல்லாம் ஆடு, கோழி, பாய், பானையோடு ஊருக்குள் ஓடி வந்தது. உன் புருஷன் வரவில்லை. ஆள் அனுப்பினேன். "நாளைக்கு அசர் தொழுகைக்கு அப்புறம் என் தண்ணி முறை. முறையை விட்டுட்டு எங்கே வர்றது?" என்று பதில் வந்தது. மூன்று ராஜாக்கள் வருகிறார்கள் என்று சொன்னால், அவங்க முறை எப்போ என்று கேட்கிற மனுஷனுக்கு உன்னைக் கட்டிக்கொடுத்தோம். மறுநாள் மடை ஓரத்தில் மண்வெட்டியும் கையுமாக அவரைப் பிடித்தார்கள்.

நம் தோப்புகளில் பரங்கியர் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஒவ்வொரு மண்சுவர் ஓட்டையிலிருந்தும் ஒரு ஈட்டி, ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒரு அம்பு. மரத்தைக் கண்டாலே அவர்களுக்கு எரிந்தது. சுட்ட நண்டு நிறத்தில் ஒரு பெரிய மனிதன் மாப்பிள்ளையைத் தன் முன்னால் நிறுத்தி, துபாஷியை விட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டானாம்: "இந்த ஊரைச் சுத்தி மரமே இல்லாத இடம் எங்கே இருக்கு?"

மாப்பிள்ளை "கிழக்கே" என்றார்.

அவ்வளவுதான் கேள்வி, அவ்வளவுதான் பதில். அங்கே ஏன் மரம் இல்லை என்று ஒருத்தனும் கேட்கவில்லை. வானத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிற நாட்டுக்காரர்கள். மரமில்லாத இடத்தில் மரம் மட்டும்தான் இருக்காது என்று நினைத்துக்கொண்டார்கள். ஆற்றையும் பழத்தையும் விட்டுவிட்டுக் கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு கிழக்கே போனார்கள். போன கையோடு நம் ஆட்கள் தோப்பு வழியைக் கட்டையும் கல்லும் போட்டு அடைத்துவிட்டார்கள். அந்தப் பொட்டலில், இந்த வெயிலில், இவ்வளவு குதிரைகளோடு எத்தனை பொழுது நிற்க முடியும்? நாக்கு வறண்டு, வந்த வழியே போய்விட்டார்கள்.

மாப்பிள்ளையை அவர்கள் அவிழ்த்துவிட்டு ஒரு ரொட்டியும் கொடுத்து அனுப்பினார்கள். அவர் நேராக ஊர் வாசலுக்கு வந்தார். எப்படித் தப்பித்தாய் என்று காவலன் கேட்க, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்டால் சொல்வதுதான் அவர் வழக்கம் என்று பரங்கியருக்கே தெரிந்துவிட்டதே. பகைவனுக்கு வழி காட்டியவன் என்று பேச்சு கிளம்பியது. கிழக்குச் சுவர் எவ்வளவு பழசு என்று உனக்குத் தெரியும். அத்தோடு, அந்தச் சுட்ட நண்டின் கூடாரம் நம் அக்ரூட் மரங்களின் நிழலில் இருந்ததால் அவற்றை மட்டும் வெட்டவில்லை. சுற்றிலும் எல்லார் மரமும் பரங்கியர் வேலி கட்டுவதற்குப் போய்விட்டது. நம் தோப்பு மட்டும் மொட்டைத் தலையில் குடுமி மாதிரி நிற்கிறது. பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

இன்னொரு செய்தி. எழுதாமல் முடித்துவிடலாமா என்று பார்த்தேன். பக்கத்துத் தோப்பு ரிள்வானின் மகன் ஹிலால் மௌத்தாகிவிட்டான். பரங்கியர் கிழக்கே போன அன்று அவன் கூட்டத்தையும் கிழக்குச் சுவருக்கு மாற்றினார்கள். அங்கே அம்பு பட்டது. மீசைகூடச் சரியாக வரவில்லை. கோட்டையில் போய் மாப்பிள்ளை மேல் முறையிட்டது ரிள்வான்தான்.

நீ இப்போது கிளம்பி வராதே. வழி சரியில்லை. துஆ செய்.

உன் அண்ணன்
முஃபர்ரிஜ்


டமாஸ்கஸ்
ரபீயுல் ஆகிர் மாதம், கடைசி வாரம்

அன்புத் தங்கை லுபாபாவுக்கு ஸலாம். குழந்தைகளுக்கு மாமாவின் முத்தம். சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று கழுதைக்காரன் சொன்னான், நிம்மதி. எனக்கு முட்டி வலி. சுவரில் கல் தூக்கியதால் வந்த வீர வலி என்று கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது போன வருஷமே இருந்தது என்பதை நீ யாரிடமும் சொல்லாதே.

மாப்பிள்ளைக்காக நான் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம்.

என்ன செய்தேன் என்றால், கடைக்கு வருகிறவன் கிண்ணத்தில் கடலையோடு சேர்த்து ஒரு கதையையும் போட்டேன். ஸாபிக் வேண்டுமென்றேதான், யோசித்து, தந்திரமாகத்தான் பரங்கியரை அந்த வறட்டுப் பொட்டலுக்கு அனுப்பினார் என்று. கதை நன்றாக ஓடியது. அத்தர்க் கடைத் தெருவுக்குப் போவதற்குள் மாப்பிள்ளை பரங்கி பாஷை பேசினார். தூமா வாசலை எட்டுவதற்குள் மண்வெட்டியால் ஒரு ராஜாவை அடித்துவிட்டார். கடைசியில் ஒரு செருப்புத் தைக்கிறவன் என்னிடமே வந்து, "கேட்டீங்களா அண்ணே, அந்த ஸாபிக் இருக்காரே..." என்று ஆரம்பித்து, நானே வாயைப் பிளக்கும்படி சொன்னான். அவனுக்குக் காசு வாங்காமல் இன்னொரு கிண்ணம் போட்டேன்.

கதை வழக்கை விசாரிக்கிற காஜியார் காதுக்கும் போனது. அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அவருக்கும் ஒரு வெற்றிக் கதை தேவையாகத்தான் இருந்தது. போன வாரம் பள்ளிவாசல் முற்றத்தில் விசாரணை. எனக்கு முன்வரிசையில் இடம். எதிரே ரிள்வான். அந்த ஆள் போடுகிற சட்டை தெரியுமே, எவ்வளவு வெளுப்பாக இருக்கும். அன்று அழுக்காக இருந்தது.

காஜியார் நல்ல மனிதர். கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துக் கொடுத்தார். "ஸாபிக், அங்கே தண்ணி இல்லேன்னு உனக்குத் தெரியும். யோசிச்சுத்தானே அவங்களை அங்கே அனுப்பினே? ஆமான்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போப்பா" என்றார்.

உன் புருஷன் எழுந்து நின்றார்.  "இல்லீங்க. அப்படி எதுவும் யோசிக்கலை. என் தோப்பை விட்டு எழுந்து போனாப் போதும்னு இருந்துச்சு. கேட்டாங்க, சொன்னேன்" என்றார்.

முற்றத்தில் இருந்த கூட்டம் முழுக்க உச்சுக்கொட்டியது. காஜியார் நெற்றியைத் தேய்த்தார். அவரிடம் இருப்பது இரண்டு பெட்டிகள்தான் லுபாபா. ஒன்றில் வீரனைப் போடலாம், இன்னொன்றில் துரோகியை. மாப்பிள்ளை இரண்டிலும் அடங்காமல் நடுவில் நிற்கிறார். வெயில் அதிகமாக இருக்கிறது என்று சொல்லி விசாரணையை ஜமாதுல் அவ்வல் கடைசி வெள்ளிக்குத் தள்ளிவைத்தார். அதற்குள் நன்றாக யோசித்துக்கொள்ளும்படி சொன்னார். யோசிக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று கோட்டைச் சேவகன் ஒருவன் என் காதில் சொன்னான். பகைவனுக்கு வழி காட்டினவனைக் கோட்டை வாசலில்தான் தொங்கவிடுவார்களாம். உனக்குத் தெரியாமல் வைத்திருக்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அன்றே கோட்டைக்குப் போய்க் கத்தினேன். "ஒரு பொய், ஒரே ஒரு சின்னப் பொய்! நான் கடையில உட்கார்ந்துகிட்டு நாள் பூரா சொல்றேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?"

"மச்சான், நீங்க எங்கே, நான் எங்கே" என்றார். கேலி செய்கிறாரா, மரியாதை செய்கிறாரா என்று அந்த முகத்தில் என்றைக்குத்தான் கண்டுபிடிக்க முடிந்தது?

பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நான் எதுவும் சேர்க்கவில்லை. "மச்சான், வேணும்னே அனுப்பினேன்னு சொன்னா, அந்தப் புள்ள நின்ன இடத்துக்கு வேணும்னே அனுப்பினேன்னு ஆகும். சின்ன வயசுல என் அக்ரூட் மரத்துலயேதான் கிடப்பான். பச்சைக் காயை உரிச்சு உரிச்சு அவன் கையெல்லாம் கறுப்பா இருக்கும். 'ஸாபிக் மாமா தோப்புல இருந்தியா'ன்னு கையைப் பார்த்தே அவங்கம்மா அடிப்பா. அவங்கப்பா எதுக்க உட்கார்ந்திருக்காரு. அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது, நான் யோசிச்சுத்தான் செஞ்சேன்னு?"

 அவருக்குக் கொண்டுபோன கடலையை நானே உட்கார்ந்து தின்றுவிட்டு வந்தேன்.

அவர் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள் பேச்சைத்தான் கேட்பார். அது நான் இல்லை, காஜியாரும் இல்லை. சித்தப்பாவிடம் சொல்லி நீ ஒரு வரி எழுது. "ஆமாம் என்று சொல்லுங்கள், பிள்ளைகளுக்காக" என்று எழுது. நான் போய்ப் படித்துக் காட்டுகிறேன். மன்னிப்பதெல்லாம் பிறகு அல்லாஹ் பார்த்துக்கொள்வான். தாமதிக்காதே அம்மா.

உன் அண்ணன்
முஃபர்ரிஜ்


டமாஸ்கஸ்
ஜமாதுல் ஆகிர் மாதம், முதல் வாரம்

அன்புத் தங்கை லுபாபாவுக்கு. மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறார். இப்போது வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருக்கிறார். இதைக் கேட்டவுடன் நீ எழுந்து போய் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வா. மீதியைப் பிறகு கேட்கலாம். சித்தப்பா அதுவரை தூங்கட்டும்.

உன் பதிலைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை இப்போது சொல்லலாம். நான் என்ன கேட்டேன், நீ என்ன எழுதினாய்! "பொய் சொல்லச் சொல்லி நான் எழுத மாட்டேன் அண்ணே. அவருக்குக் குளிர் ஆகாது, உள்ளறையில் இருக்கிற கம்பளியைக் கொண்டுபோய்க் கொடு." மேலும் இரண்டு வரி குழந்தைகளைப் பற்றி. அவ்வளவு. உங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்த தரகரைத் தேடினேன். அவர் செத்து ஆறு வருஷம் ஆகிறதாம், தப்பித்தார். கம்பளியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடிதத்தையும் படித்தேன். அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு கம்பளியைப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார்.

இனி நடந்தது.

மாப்பிள்ளை உள்ளே போனதிலிருந்து அவருடைய தண்ணி முறையை நான்தான் பார்த்தேன். பார்த்தேன் என்றால், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். முதல் தடவை தண்ணீரைப் பாதையில் விட்டு ஒரு கழுதை வழுக்கி விழுந்தது. இரண்டாம் தடவை வழுக்கி விழுந்தது நான். வழக்கம் உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முறைக்காரன் மடையில் இல்லாவிட்டால், அடுத்த முறைக்காரன் அவன் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் தண்ணீர் அவனுக்கு. யாரும் குறை சொல்ல முடியாது. நமக்கு அடுத்த முறை ரிள்வானுடையது.

விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது நம் முறை வந்தது. நான் அசருக்கு மடையில் இருக்க வேண்டும். வழியில் அந்தச் செருப்புத் தைக்கிறவன் என்னை நிறுத்தினான். மௌசூல்காரர்கள் படையில் ஒரு சமையல்காரன் ஓடிப்போன கதை. நல்ல கதை. அசர் போய்விட்டது.

ஓடினேன். நான் ஓடுவதைப் பார்த்த கிழவிகள் பரங்கியர் திரும்ப வந்துவிட்டார்களோ என்று கதவைச் சாத்தினார்கள். மண்சுவர் திருப்பத்திலேயே ரிள்வானின் குரல் கேட்டது. "ஸாபிக்!" எனக்குக் கத்த மூச்சு இல்லை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி, "ஸாபிக்!" போச்சு என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். அவர் நியாயமும் எனக்குப் புரிந்தது. அவருடைய அத்தியும் மாதுளையும் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து துளிர்க்க ஆரம்பித்திருக்கின்றன. விரல் நீளம்தான். இந்த மாதம் தண்ணீர் கிடைத்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் கருகும். நம் அக்ரூட்டுக்கு ஒரு முறை போனால் ஒன்றும் ஆகாது. பதில் வராது என்பதும் அவருக்குத் தெரியும். ஸாபிக்கை உள்ளே அனுப்பியதே அவர்தானே.

மூன்றாவது குரல் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ரிள்வான் வரப்பில் உட்கார்ந்திருந்தார். மடைப்பலகை அப்படியே மூடியிருந்தது. தண்ணீர் பலகையில் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏன் அண்ணே, கூப்பிட்டாச்சா?" என்றேன்.

"ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

"மூணாவது?"

  அவர் பலகையில் முட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்குக் கிழக்குச் சுவருக்குக் கீழே நின்னு இப்படித்தான் கூப்பிட்டேன். ஹிலால்னு. மேலே ஒரே சத்தம், காதுல விழலையாக்கும்னு நெனச்சேன். ரெண்டாவது தடவையும் கூப்பிட்டேன். மூணாவது தடவை கூப்பிட்டப்போதான் எல்லாரும் சத்தத்தை நிறுத்திட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. அதுலேருந்து யாரையும் மூணு தடவை கூப்பிட வரமாட்டேங்குது."

லுபாபா, நான் வாய்க்கு வேலை கொடுத்தே பிழைக்கிறவன். அன்று அந்த வரப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளை கோட்டையில் என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். ஏன் ஆமாம் என்று சொல்ல மாட்டேன் என்கிறார் என்பதை. உப்பு, காரம் எதுவும் போடவில்லை. கறுப்புக் கையைப் பற்றிச் சொன்னபோது அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

நான் முடித்ததும் எழுந்து, மடைப்பலகையைத் தூக்கி, தண்ணீரை நம் அக்ரூட் பக்கம் திருப்பிவிட்டார். "மண்வெட்டியை அப்படிப் பிடிச்சா இடுப்பு போயிடும்யா, சுண்டல்காரா. இங்கே கொடு" என்றார். முறை முடியும்வரை நம் பாத்திகளுக்கு அவரே பாய்ச்சினார். நான் ஓரமாக நின்று அவர் மரங்களின் அடிக்கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காஜியார் அதே கேள்வியைக் கேட்டார். மாப்பிள்ளை அதே பதிலைச் சொன்னார். கூட்டம் பழைய மாதிரியே உச்சுக்கொட்டியது. அப்போது ரிள்வான் எழுந்தார். "காஜியாரே, இவன் சொன்னது சரிதான். கிழக்கேதான் மரம் இல்லை. என்கிட்டே கேட்டிருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். என் முறையீட்டைத் திரும்ப எடுத்துக்கிறேன்" என்றார். காஜியார் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, "இங்கே யாராவது வேற பதில் சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டார். தோப்புக்காரர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அவர் மாப்பிள்ளையை விடச் சொல்லி, இரண்டு பெட்டியையும் மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கென்னவோ அவருக்கும் அசதியாகத்தான் இருந்தது என்று தோன்றியது.

மாப்பிள்ளை வெளியே வந்ததும் வீட்டுக்கு வரவில்லை. ரிள்வான் பின்னாலேயே தோப்புக்குப் போனார். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். "என்னதான் பேசினீங்க?" என்று கேட்டேன். "வாய்க்கால் தூர் வாரணும்னு பேசினோம்" என்றார். அதற்கு மேல் என்னால் ஒரு சொல்லையும் பிடுங்க முடியவில்லை. ஆனால் தன் தண்ணி முறையை மழை தொடங்கும்வரை ரிள்வானுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று ஊர் சொல்லித் தெரிந்துகொண்டேன். மூன்று ராஜாக்கள் வந்தபோது விடாத முறை.

நீ இனி வரலாம். வழி திறந்துவிட்டது. பெரியவனைக் கழுதையில் கட்டிவிடு, இல்லாவிட்டால் குதித்துக் குதித்து விழுவான்.

ஆனால் ஒன்று. ஹிலாலின் தாய் உம்மு ஹிலால் வெளியே வருவதில்லை. ரிள்வான் முறையீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டது அவளுக்குச் சம்மதம் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, அவள் எதுவுமே சொல்லவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். நானும் கதவுவரை போய்க் கடலை ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு வந்தேன். கிண்ணம் திரும்பி வந்தது, கழுவி, துடைத்து, காலியாக. அந்த வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் காலியாக வந்து நான் பார்த்ததில்லை. நீயும் பார்த்ததில்லை. எனக்கு அதை வைத்துக் கடையில் ஒரு வேடிக்கைகூடச் சொல்லத் தோன்றவில்லை.

ஆகவே நீ ஊருக்குள் வந்ததும் முதலில் உன் வீட்டுக்குப் போகாதே. உன் புருஷன் காத்திருப்பார், அவருக்குப் பழக்கம்தான். அந்த வீட்டுக் கதவைத் தட்டு. திறக்காவிட்டால் வாசலில் உட்கார். திறந்து திட்டினால் வாங்கிக்கொள். மாப்பிள்ளைக்காக எதையும் விளக்காதே. காஜியார் சொன்னதைச் சொல்லாதே. என்னைப் போல் இடைவெளி கண்ட இடமெல்லாம் பேச்சைப் போட்டு அடைக்காதே. அவள் பக்கத்தில் சும்மா இரு. நீங்கள் இரண்டு பேரும் ஒரே வாய்க்காலில் துணி துவைத்தவர்கள்.

சித்தப்பாவின் தோட்டத்தில் அத்தியும் மாதுளையும் நல்ல ஜாதி. கன்றுகளை வேரோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, கழுதை தாங்குகிற அளவு கொண்டு வா. நமக்கு இல்லை, அந்த வீட்டுக்கு. நம் மரங்கள் நிற்கின்றன, அதுதானே உறுத்துகிறது.

தண்ணீரும் நிழலும் பிரியாத வழியாகவே அல்லாஹ் உன்னை நடத்தி வரட்டும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சீக்கிரம் வந்து சேர், அம்மா.

உன் அண்ணன்
முஃபர்ரிஜ்